சிறார் இல்லமும் இட்லி மாவும்: எப்படி இயங்குகிறது?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாவரைக்கும் நாள். காலையிலேயே அரிசியும் உளுந்தும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊறும். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். ராத்திரி மாவு மூடிக் கிடக்கும். திங்கட்கிழமை விடிந்ததும் மூடியைத் திறக்கிற அந்த நொடி, நாற்பது வருடம் மாவரைத்த கைக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். பொங்கியிருக்கிறதா, இல்லையா? பொங்காவிட்டால் யாரும் அரிசியைத் திட்டுவதில்லை. உளுந்து பழசா, தண்ணீர் கூடிவிட்டதா, ராத்திரி குளிரா, உப்புப் போட மறந்தோமா என்று ஒவ்வொன்றாக யோசிப்போம்.

ஒரு பையன் தப்பு செய்து பிடிபட்டு, அரசு இல்லத்தில் சில மாதம் இருந்துவிட்டு வந்து மறுபடியும் பிடிபட்டால் மட்டும் இந்தக் கேள்விகளை நாம் கேட்பதில்லை. ‘அவன் திருந்த மாட்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த இல்லத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும், எந்த வரிசையில், எந்தப் படியில் கைவிட்டால் கெட்டுப்போகிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. அடுப்படி வழியாகவே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவனுக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், இப்படிப்பட்ட சிறுவனின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் பையன் கற்பனைதான் என்றாலும் அந்தப் பழக்கம் நமக்கும் இருக்கட்டும். வயது 16. எட்டாவது வரை எல்லோரையும்போல பாஸாகி வந்தவன், ஒன்பதாவதில் தடுமாறிப் பள்ளிக்கூடத்தை விட்டான். அப்பா இல்லை. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். ஒரு தங்கை. தெருவில் இருபத்து மூன்று, இருபத்தைந்து வயதில் இரண்டு ‘அண்ணன்கள்’. அவர்களில் ஒருவன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த நம் பையன் செல்போனைப் பறித்தான். பிடிபட்டது இது இரண்டாவது முறை.

முதல் வேலை, ஊறவைப்பது. அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி ஊறவைப்பவர்கள் உண்டு. பதம் தெரிந்தவர்கள் செய்ய மாட்டார்கள். இரண்டுக்கும் ஊறும் நேரம் வேறு. சட்டமும் இங்கே முதலில் பிரிக்கத்தான் சொல்கிறது. அந்த அண்ணன்கள் வழக்கமான நீதிமன்றத்துக்குப் போவார்கள். பையனை அவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது. அவனுக்கு விலங்கு மாட்டக் கூடாது. லாக்கப்பிலோ சிறையிலோ ஒரு ராத்திரிகூட வைக்கக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர்கள் இருவரும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது என்பதுவரை விதிகளில் இருக்கிறது. ‘குற்றவாளி’ என்ற சொல்லும் அங்கே கிடையாது. ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்பதுதான் சொல். வாய்க்கு நீளம்தான். ஆனால் முரண்பாடு தீரக்கூடிய ஒன்று. அதனால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் மரியாதை உண்டு.

பொதுவாகப் பிணையில் வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு மறுபடி சேர்வான் என்பது, உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்பது, நீதியின் நோக்கமே கெடும் என்பது. நம் பையனுக்கு முதல் காரணம் பொருந்துகிறது. அண்ணன்களின் கூட்டாளிகள் தெருமுனையிலேயே நிற்கிறார்கள். எனவே அவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். நல்ல தமிழ்ப் பெயர் அது. செய்ய வேண்டிய வேலை பெயரிலேயே இருக்கிறது: கூர்ந்து பார்ப்பது.

யார் பார்ப்பது? நன்னடத்தை அலுவலர். அவர் பையனின் வீட்டுக்கும் பழைய பள்ளிக்கும் தெருவுக்கும் போய், சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் கனமான காகிதம் இதுதான். ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது போலத் தெரியும். வீடு வரைக்கும் போனவருக்கு வேறு தெரியும்: பையனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எட்டு வருடமாக வகுப்பில் அதை மறைத்துப் பழகியவன், ஒன்பதாவதில் ஆசிரியர் எழுந்து வாசிக்கச் சொன்ன பயத்தில்தான் மட்டம் போட ஆரம்பித்தான். இரண்டு அறிக்கையும் ஒரே பையனைப் பற்றியவை. முதல் அறிக்கையை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது.

ஊறவைத்ததை மறந்து ஒரு பகலும் ராத்திரியும் விட்டால் அரிசி நாற்றமெடுக்கும். இங்கேயும் கெடு உண்டு. செல்போன் பறிப்பு, மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய சிறு குற்ற வகை. குழுமம் நான்கு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். காரணம் எழுதி இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு முடிந்துபோகும். பையனைத் தண்டனைபோலக் காத்திருக்கவைக்கக் கூடாது என்பதற்காகவே வைத்த கெடு அது. பாத்திரத்தில் இடமும் வேண்டும். வயது, பாலினம், உடல் மனநிலை, குற்றத்தின் தன்மை பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதன்முறை வந்த பன்னிரண்டு வயதுப் பையனும் பலமுறை வந்துபோன பதினேழு வயதுப் பையனும் ஒரே ஹாலில் படுத்தால், சின்னவன் பெரியவனிடம் பாடம் படிப்பான். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பற்றாக்குறை எந்த நாளும் வந்ததில்லை.

இரண்டாவது, அரைப்பது. உளுந்தை எடுத்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கதை முடிந்தது. கைப்பிடிக் கைப்பிடியாகக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, ஓரத்தை வழித்துவிட்டு, பந்துபோல எழும்பும் வரை அரைக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அப்போதுதான் ‘உளுந்து நல்லா காணுது’ என்போம். எந்த உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டில் போட்டிருக்காது, கைதான் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு சிறாருக்கும் தனித்தனியே ஒரு பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் கேட்பது இதனால்தான். இவனுக்குப் படிப்பு எங்கிருந்து தொடங்குகிறது, போதைப் பழக்கம் உண்டா, கோபம் எப்போது வருகிறது, வீட்டில் யார் பேச்சைக் கேட்பான், என்ன தொழில் கைக்கு வரும். பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கும் ஒரே திட்டத்தை எழுதினால், தண்ணீரை மொத்தமாகக் கொட்டியது போலத்தான்.

கூர்நோக்கு இல்லத்தில் பாடம் நடத்துவது பள்ளிக்கூடத்து வேலையைவிடக் கடினம். இன்றைக்கு இருபது பேர் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மூன்று பேருக்குப் பிணை கிடைக்கும், திங்கட்கிழமை ஐந்து பேர் புதிதாக வருவார்கள். ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பாடத்திட்டம் அங்கே செல்லுபடியாகாது. அன்றன்றைக்கு முழுமையாக முடிகிற சின்னச் சின்னப் பாடங்களாக வேண்டும். எழுத்துக் கூட்டுகிறவனும் பத்தாவது எழுத வேண்டியவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் பையனுக்கு எங்கிருந்து தொடங்குவது? ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவமானத்தில் சுருங்கிவிடுவான்; பதினாறு வயது, மீசை அரும்புகிற முகம். அவனுக்குத் தெரிந்த எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். பஸ் போர்டு, பிரியாணிக் கடை விலைப்பட்டியல், செல்போன் திரையில் வரும் சொற்கள். பிறகு அவனுடைய வழக்குக் காகிதம். தன் பெயர் போட்ட அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டவன் அவன். அதை அவனே விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடிக்கிற நாள் அவனுக்குப் பெரிய நாள். அடுத்தது அம்மாவுக்குக் கடிதம். “அம்மா நான் நல்லா இருக்கேன். நீ வேலைக்குப் போகும்போது சாப்பிட்டுட்டுப் போ.” இரண்டே வரி, நான்கு எழுத்துப்பிழை. வீட்டில் தங்கை படித்துக் காட்டுவாள். எட்டு வருடப் பள்ளிப் படிப்பில் அவன் யாருக்காகவும் எழுதாத இரண்டு வரி அவை.

எழுத வந்தபின் பாதைகள் இருக்கின்றன. எட்டாவது, பத்தாவது தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாருக்காக ஐ.நா. சபை 1990இல் ஏற்ற விதிகள், அவர்களுக்குத் தரும் கல்விச் சான்றிதழில் அவர்கள் இல்லத்தில் இருந்தவர்கள் என்பதற்கான அடையாளமே இருக்கக் கூடாது என்கின்றன. படித்து வாங்கிய தாளே பின்னாளில் அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதல்லவா? தையலோ மரவேலையோ மின்வேலையோ, எந்தத் தொழில் கற்றுக்கொடுத்தாலும் இதே கணக்குத்தான். வெளியே ஒரு பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளும் சான்றிதழ் கையில் வர வேண்டும். மின்வேலை கற்கக் கை துறுதுறுக்கும் பையனிடம், இல்லத்தில் இருக்கும் ஒரே கருவி தையல் மெஷின் என்பதால் மூன்று வருடம் தையலைத் திணிப்பதும் நடக்கிறது. அது பயிற்சிக் கணக்கில் எழுதப்படும். அவன் கைக்கு வந்து சேராது.

விசாரணை முடிந்து, செய்தான் என்று குழுமம் முடிவு செய்தால், கண்டித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. நம் பையனின் வீட்டுச் சூழலைப் பார்த்துவிட்டு, குழுமம் அவனை, விசாரணை முடிந்தவர்களுக்கான சிறப்பு இல்லத்துக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் மூன்று ஆண்டு.

இங்கேதான் புளிக்கும் வேலை. அரைத்த மாவில் உப்பைப் போட்டுக் கரண்டியால் கலக்குபவர்களைப் பாட்டிமார் விட மாட்டார்கள். கையை விட்டுக் கலக்கச் சொல்வார்கள். கையின் சூடு மாவுக்குப் போக வேண்டும் என்பார்கள். பிறகு மூடி, கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டு, நடுநடுவே திறந்து கிளறாமல் இருக்க வேண்டும். இல்லத்தில் அந்தச் சூடு மனிதர்களிடமிருந்து வருவது. வார்டன், ஆசிரியர், ஆற்றுப்படுத்துநர், சமையல்காரர். அடிக்கடி மாற்றப்படாமல் அதே முகமாக ஒருவர் இருந்து, ராத்திரி தூக்கம் வராமல் புரளும் பையனிடம் ‘என்னடா’ என்று கேட்டாலே பாதி வேலை நடந்துவிடும். சாப்பாட்டையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காலைச் சிற்றுண்டி உட்பட நான்கு வேளை உணவு என்று விதி இருக்கிறது. தானியம் ஒரு நாளைக்கு 600 கிராம், 16 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 700 கிராம் என்று தனியாகக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். வளர்கிற பையனின் பசி தெரிந்த யாரோ எழுதிய வரி அது. பசியோடு இருப்பவனுக்கு எந்தப் பாடமும் ஏறாது.

கொதிக்கும் இடத்தில் வைத்தால் மாவு புளிக்காது, வெந்துபோகும். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட சில நாட்களுக்குள் நடந்தது. இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களை எப்படிச் சீரமைப்பது என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2023இல் அவர் அறிக்கை தந்தார். இல்லத்தில் சிறாரை அடித்து ‘ஒழுங்குபடுத்துவது’ 82ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதம், அடுத்த முறை மூன்று மாதம் வரை சிறை, வேலையும் போகும். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டத்தை 1920இல் கொண்டுவந்தது சென்னை மாகாணம். நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கும் மாநிலத்தில் ஒரு பையன் இல்லத்துக்குள் செத்திருக்கிறான். எனக்கு இது ஆறவில்லை.

பதினாறு வயதைத் தாண்டியவன் கொலை போன்ற கொடுங்குற்றம் செய்தால் என்ன என்று கேட்பார்கள். 2012 டில்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில் வந்ததுதான் இப்போதைய சட்டம். 2016 பொங்கல் நாளன்று அமலுக்கு வந்தது. அப்படிப்பட்டவர்களைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிட்டுப் பார்க்கும். விசாரித்தாலும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை ‘பாதுகாப்பிடம்’ எனப்படும் தனி இல்லத்தில் படிப்பும் பயிற்சியும் கொடுத்து, அதன்பின் அவன் மாறியிருக்கிறானா என்று பார்த்துத்தான் அடுத்த முடிவு. முடிவெடுக்கவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. வளர்ச்சி முடியாத ஒருவனைப் பற்றி முடிந்த தீர்ப்பு எழுதச் சட்டம் தயங்குவது நியாயம்தான்.

கடைசி வேலை, இட்லியை எடுப்பது. துணி போட்டு ஊற்றுகிற வீடுகளில் இது கைப்பழக்கம். வெந்துவிட்டது என்று உடனே சுடச்சுடப் பிய்த்தால் பாதி இட்லி துணியில் ஒட்டிக்கொள்ளும். தட்டை இறக்கி இரண்டு நிமிடம் விட வேண்டும். கவிழ்த்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, வேகவைத்த இருபது மணி நேர உழைப்பு அந்த இரண்டு நிமிடத்தில் உடைந்துபோகலாம்.

நம் பையன் 18 வயது முடிந்து வெளியே வருகிறான். இல்லத்தின் கதவு சாத்திக்கொள்கிறது. கையில் இல்லத்தில் படித்து வாங்கிய சான்றிதழும் ஒரு பையும். எங்கே போவான்? அதே தெரு. அதே முனை. அண்ணன்களில் ஒருவன் அவனுக்கு முன்பே பிணையில் வந்துவிட்டான். அம்மாவுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது; லீவு போட்டால் கூலி இல்லை. அக்கம்பக்கம் செருப்பை எடுத்து உள்ளே வைக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதிலும் கை அதிகம் தவறுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். மற்ற மூன்று வேலைக்கும் கட்டடம் இருக்கிறது, பணியிடம் இருக்கிறது, இதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரு கோப்புதான் இருக்கிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 46ஆம் பிரிவு, இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. பிற்காப்பு என்ற பெயரில் 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, தங்க இடமும் படிப்பும் வேலைக்கு உதவியும் கொடுக்க விதி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்கும். 24ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: சிறு வயதில் செய்த குற்றம் பின்னாளில் எந்தத் தகுதியையும் பறிக்கக் கூடாது, பதிவுகளை அழித்துவிட வேண்டும். பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. சிறுவனாக இருந்தபோது வந்த ஒரு வழக்கைக் காட்டி, மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் ஓர் இளைஞருக்கு வேலை மறுக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்பளித்தது. இந்தத் தகவல் இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு பையனுக்கும் தெரிய வேண்டும். ‘நம்மளை யாரு வேலைக்கு எடுப்பாங்க’ என்று நினைப்பவன் புத்தகத்தைத் திறக்கவே மாட்டான்.

தண்ணீர் தெளிக்கிற வேலை உண்மையில் விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அம்மாவை வரவழைத்துப் பேசுவது, தெரு சரியில்லை என்றால் வேறு ஊரில் சித்தப்பா வீட்டையோ விடுதியையோ பார்ப்பது, ஆதாரும் வங்கிக் கணக்கும் முடித்துக் கையில் கொடுப்பது, ஒரு பட்டறையில் முன்கூட்டியே சொல்லி வைப்பது, வெளியே வந்த முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை யாராவது போனில் கூப்பிடுவது. எதுவும் பெரிய செலவில்லை.

அரைகுறையாகப் பொங்கிய மாவை நாம் சாக்கடையில் கொட்டுவதில்லை. இன்னும் நாலு மணி நேரம் வெயில்படுகிற இடத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் முறை பிடிபட்டு வந்த பையனுக்கும் அந்த நாலு மணி நேரத்தைக் கொடுக்கத்தான் இந்த நான்கு வேலையும்.

உங்கள் மாவட்டத் தலைநகரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒர்க் ஷாப்போ, அச்சகமோ, தையல் கடையோ, பேக்கரியோ வைத்திருப்பவர்கள் ஒரு நாள் அங்கே போய், “என்கிட்ட ஒரு பையனுக்கு வேலை இருக்கு, கத்துக்கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவன் முன்பு என்ன செய்தான் என்று மட்டும் கேட்காதீர்கள்.